பாலிக்குப் போகுமுன் தந்திராயன்குப்பம்

வாசகர் கேள்வி – பதில்

வெளிநாடு சென்று அலைச்சறுக்கு (சர்ஃபிங்) கற்பது குறித்துக் கேள்விகளை அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்தவை என்பதால், பதில்களும் இந்தக் கரையிலிருந்து புறப்படும் ஒருவரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன. முப்பத்தெட்டாவது வயதில் செரினிட்டி கடற்கரையின் நுரையில் உருண்டு கற்கத் தொடங்கி, பிறகு இலங்கையின் வெலிகம, அறுகம்பே, இந்தோனேசியாவின் பாலி என்று அலையைத் தேடிப் போய்வந்த ஒருவனின் பதில்கள் இவை. நான் போட்டி வீரனல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 31. ஆகஸ்டில் பத்து நாள் விடுப்பு கிடைக்கிறது. இதுவரை சர்ஃப் பலகையைத் தொட்டதுகூட இல்லை. பாலியில் ஏழு நாள் பயிற்சி முகாமுக்கு முன்பணம் கட்டலாம் என்று இருக்கிறேன். ஏழு நாளில் சர்ஃபிங் வந்துவிடுமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பலகைமேல் எழுந்து நிற்பது ஏழு நாளில் வந்துவிடும்; பலருக்கு முதல் நாளிலேயே வந்துவிடுகிறது. எட்டு அல்லது ஒன்பது அடி நீளமுள்ள ஃபோம் பலகை, இடுப்பளவு நீர், பின்னால் நின்று சரியான நொடியில் தள்ளிவிடும் பயிற்றுநர் ஆகிய மூன்றும் அமைந்தால், உடைந்து நுரையாகி வரும் அலை உங்களைக் கரைவரை கொண்டுவந்து சேர்த்துவிடும். முகாம்களின் விளம்பரப் படங்களில் நீங்கள் காண்பது இந்த நிலையைத்தான். அந்தத் தள்ளும் கை விலகிய பிறகு, வருகிற அலைகளில் எது உடையும், எங்கே உடையும், எப்போது திரும்பிப் படுத்துக் கைகளால் துழாவத் தொடங்க வேண்டும் என்றெல்லாம் நீங்களே முடிவு செய்து, இன்னும் உடையாத அலையைப் பிடித்து அதன் சரிவில் பக்கவாட்டில் செல்ல வேண்டும். அதற்கு ஏழு நாள் போதாது. என் அனுபவத்தில் ஒரு பருவம் முழுவதும்கூடப் போதவில்லை.

முன்பணம் கட்டுமுன் இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரப் பயிற்சியில் நீங்கள் பலகைமேல் நின்றிருந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு நிமிடம் தேறுவதே அரிது. எஞ்சிய நேரமெல்லாம் குப்புறப் படுத்துத் துழாவுவதிலும், நுரையைத் தாண்டி மீண்டும் உள்ளே செல்வதிலும், காத்திருப்பதிலும் கழிகிறது. மேசைமுன் அமர்ந்தே வேலை பார்ப்பவருக்குத் தோளும் முதுகும் இதற்குப் பழகியிருப்பதில்லை. விலா எலும்புகள் பலகையில் அழுந்தி அழுந்தி மூன்றாம் நாள் மூச்சு விடுவதே வலிக்கும். நான்காம் நாள் நீங்கள் விடுதித் திண்ணையில் அமர்ந்து மற்றவர்கள் கடலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். விமானக் கட்டணமும் முகாம் கட்டணமும் செலுத்தி அங்கே போய் உடல் வலிக்குப் பழகுவதைவிட, அந்த வலியை இங்கேயே பட்டுத் தீர்த்துவிட்டுப் போவது சிக்கனம்.

ஆகையால் என் யோசனை இதுதான். ஜூன், ஜூலை மாதங்களின் சனி, ஞாயிறு அதிகாலைகளில் கோட்டக்குப்பத்தை அடுத்த தந்திராயன்குப்பத்துக்கு, அதாவது எல்லாரும் செரினிட்டி கடற்கரை என்று சொல்லும் இடத்துக்கு, வந்துவிடுங்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து இருசக்கர வண்டியில் ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். அங்கே பலகை வாடகைக்குக் கிடைக்கிறது, கற்றுக்கொடுப்போரும் இருக்கிறார்கள். எட்டிலிருந்து பத்து காலைகள் அங்கே கழித்த பிறகு பாலிக்குச் செல்லுங்கள். பத்துக் காலை பழகியவருக்கு அதே ஏழு நாள் முகாம் வேறொரு முகாமாக இருக்கும்; பயிற்றுநர் உங்களை நுரையில் நிறுத்தி வைக்காமல் இரண்டாம் நாளே அலை உடையுமிடத்துக்கு அப்பால் அழைத்துப் போய்விடுவார்.

பாலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாலி என்றால் ஒரே வகை அலை என்று எண்ணிவிட வேண்டாம். கூட்டா கடற்கரை மணலடி. விழுந்தால் மணலில் விழுவீர்கள். ஊலுவாத்து போன்ற புகழ்பெற்ற இடங்களில் அடியில் இருப்பது பவளப்பார், அதாவது பவளப்பாறைத் திட்டு. ஓர் அலை, நீரின் ஆழம் அதன் உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் உடைகிறது. அதாவது ஒரு மீட்டர் அலை உடையும்போது உங்கள் காலுக்கடியில் இருக்கும் நீர் சாதாரண உயரமுள்ள ஒருவரின் மார்பளவே. அதற்குக் கீழே மணல் இருக்கிறதா, கத்திபோன்ற பவளம் இருக்கிறதா என்பதே தொடக்கநிலையில் உள்ளவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. முகாம் நடத்துவோருக்கு எழுதும்போது அறையில் குளிரூட்டி உண்டா என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

கேள்வி: இலங்கைக்கு எந்த மாதத்தில் போவது? ஒருவர் ஜனவரி என்கிறார், இன்னொருவர் ஜூலை என்கிறார். குழப்பமாக இருக்கிறது.
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: இருவரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஊரைத்தான் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். மாதங்களை மனப்பாடம் செய்வதைவிடக் காற்றை நினைவில் வைத்துக்கொள்வது எளிது. அலையை எழுப்பும் காற்று எங்கோ வெகு தொலைவில் வீச வேண்டும். நாம் நிற்கும் கரையில் வீசும் காற்றோ தரையிலிருந்து கடலை நோக்கி வீச வேண்டும். அப்போதுதான் அலையின் முகம் கலையாமல், மெருகிட்டாற்போல் எழுந்து, ஒரு நொடி கூடுதலாக நின்று உடையும். கடலிலிருந்து தரைக்கு வீசும் காற்றில் அதே அலை குழம்பிச் சரிந்துவிடும்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் தென்மேற்குக் கரையில் கடலிலிருந்து வந்து அறைகிறது. வெலிகம, ஹிக்கடுவ, மிரிஸ்ஸ ஆகியவை அப்போது கலங்கிக் கிடக்கும். அதே காற்று தீவைக் குறுக்காகக் கடந்து கிழக்குக் கரையை அடையும்போது தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றாகிவிடுகிறது. பொத்துவிலை அடுத்த அறுகம்பேக்கு அதுவே பருவம். நவம்பரில் வடகிழக்கிலிருந்து வாடை தொடங்கியதும் எல்லாம் தலைகீழாகிறது: கிழக்குக் கரையில் மழையும் குழப்பமும், தென்மேற்கில் தெளிந்த அலை. அது ஏப்ரல் வரை நீடிக்கும்.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதன்று. ஆனி, ஆடி மாதங்களின் அதிகாலையில் தரையிலிருந்து கச்சான் காற்று வீசும்போது நம் கரையில் கடல் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்பதையும், ஐப்பசி, கார்த்திகையில் வாடை நேரே கரைமேல் ஏறும்போது அது எப்படி மாறிவிடுகிறது என்பதையும் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அறுகம்பேயும் நம்மைப்போலக் கிழக்கு நோக்கிய கரைதான்.

தொடக்கநிலையில் இருக்கும் உங்களுக்கு வெலிகமவையே பரிந்துரைப்பேன், அதுவும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள். சிங்களத்தில் அந்தப் பெயருக்கே மணலூர் என்றுதான் பொருள். நீண்ட விரிகுடா, மணலடி, வேகம் தணிந்து வரும் அலை. கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து கடலை ஒட்டியே செல்லும் ரயில் வெலிகமவிலேயே நிற்கிறது. வலப்பக்கச் சன்னல் இருக்கை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அறுகம்பே கொழும்பு விமான நிலையத்திலிருந்து சாலை வழியாக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். போய்ச் சேர ஆறேழு மணி நேரமாவது ஆகும். அங்குள்ள மெயின் பாயின்ட் அலை நிலமுனையைச் சுற்றி வளைந்து வலப்பக்கமாக நெடுந்தூரம் ஓடும், மிகவும் அழகானது. ஆனால் அடியில் பாறையும் பவளப்பாரும் இருப்பதால், அலையை நீங்களே பிடிக்கக் கற்ற பிறகு போக வேண்டிய இடம் அது. அதற்குள் போயே ஆக வேண்டும் என்றால் பீனட் ஃபார்ம், விஸ்கி பாயின்ட் ஆகிய பக்கத்து இடங்கள் சற்று மென்மையானவை.

ஏப்ரல் நடுவில் போவதைத் தவிர்க்கலாம். சித்திரைப் புத்தாண்டு அங்கும் பெருவிழாவாதலால் பேருந்தும் ரயிலும் நிரம்பி வழியும்.

கேள்வி: அலை முன்னறிவிப்புச் செயலியில் புதுச்சேரிக்கு "1.2 மீட்டர், 7 விநாடி" என்றும் பாலிக்கு "1.2 மீட்டர், 14 விநாடி" என்றும் காட்டுகிறது. உயரம் ஒன்றுதானே, பிறகு விநாடி எதற்கு?
– வாசகர், ரெட்டியார்பாளையம்

பதில்: உயரத்தைவிட அந்த விநாடிதான் முக்கியம். ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைப்பட்ட நேரம் அது. ஏழு விநாடி அலை பக்கத்தில், அதாவது வங்காள விரிகுடாவிலேயே வீசிய காற்றில் பிறந்தது. பதினான்கு விநாடி அலை தென் அரைக்கோளத்தில், நாற்பது பாகை அட்சரேகைக்கும் தெற்கே, ஓயாமல் புயல் வீசும் கடற்பரப்பில் பிறந்து வந்தது. ஆழ்கடலில் இத்தகைய அலைக்கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. நம் ஊர் நகரப் பேருந்தின் வேகம்தான், ஆனால் இரவும் பகலும் நிற்காமல் வருகிறது. அங்கே எழுந்த புயலின் அலை இலங்கையின் தென்கரையை அடைய ஐந்தாறு நாள் எடுத்துக்கொள்ளும்.

நீண்ட இடைவெளியுள்ள அலை நீருக்குள் ஆழமாகவும் பரவியிருப்பதால், கரைக்கு அருகே அடி தட்டும்போது அது மேலே எழும்பும். செயலியில் 1.2 மீட்டர் என்று கண்ட பதினான்கு விநாடி அலை, உடையும் இடத்தில் உங்கள் தலைக்குமேல் நிற்கலாம். மேலும் அது தனித்தனியாக வராமல் நான்கைந்தாகச் சேர்ந்து வரும்; இடையில் பத்து நிமிடம் கடல் தூங்குவதுபோல் இருக்கும். அந்த அமைதியைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று உள்ளே போனவர்கள் அடுத்த கூட்டம் வரும்போது நடுவில் மாட்டிக்கொள்வார்கள். நம் கட்டுமரக்காரர்கள் கரையிலேயே நின்று அலையை எண்ணிப் பார்த்து, ஓய்ந்த நேரத்தில் மரத்தைத் தள்ளி ஏறுவது இதே காரணத்துக்காகத்தான். புதிய கடற்கரையில் இறங்குமுன் குறைந்தது இருபது நிமிடம் கரையில் உட்கார்ந்து பாருங்கள். கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம்.

நம் ஊருக்கும் இந்த நெடுந்தூர அலை சில சமயம் வருகிறது. இலங்கைத் தீவு தெற்கிலிருந்து வரும் அலையில் ஒரு பகுதியை மறித்துவிடுவதால் நம்மை அடைவது மிச்சம்தான். ஆயினும் ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வெளியிடும் கள்ளக்கடல் எச்சரிக்கையை அலட்சியம் செய்யக் கூடாது. காற்றே இல்லாத நாளில் கடல் பொங்குவதால்தான் கேரள மீனவர்கள் அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது அத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்த ஒரு நாளில்தான்.

கேள்வி: வயது 46. ஆழிப்பேரலைக்குப் பிறகு அச்சத்தால் கடலில் கால்வைத்ததில்லை, நீச்சலும் தெரியாது. பாலிக்குச் சுற்றுலா போகும் என் மகள், "அங்கே யாருக்கும் நம்மைத் தெரியாது, வாம்மா, கற்றுக்கொள்ளலாம்" என்கிறாள். போகலாமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அம்மா, சுற்றுலாவுக்குப் போய்வாருங்கள். சர்ஃபிங்குக்கு இப்போதே ஒப்புக்கொள்ள வேண்டாம். வயதைக் காரணமாகக் காட்டி நான் இதைச் சொல்லவில்லை. உங்களைவிட மூத்தவர்கள் கற்பதை வெலிகமவில் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீச்சல் தெரியாது என்பதுதான் தடை. காலில் கட்டிய கயிறு அறுந்துபோனால் பலகை நம்மை விட்டுப் போய்விடும். அந்த நொடியில் தானாக மிதக்கத் தெரிந்திருக்க வேண்டும். கழுத்தளவு நீரில் பத்து நிமிடம் மிதக்கவும், ஐம்பது மீட்டராவது நிற்காமல் நீந்தவும் தெரியாத ஒருவரை நீச்சல் தேவையில்லை என்று சொல்லிச் சேர்த்துக்கொள்ளும் பயிற்சிப் பள்ளி எந்த நாட்டில் இருந்தாலும் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

அச்சத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 2004 டிசம்பர் 26இல் கடலூர்க் கரை என்ன பட்டது என்பதை அறிந்த எவரும் அதை எளிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அறுகம்பேயையும் அதே நாளில் அதே பேரலை தாக்கியது. அங்கே அலைச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடும் ஒரு பெரியவர், தம் வீட்டுச் சுவரில் நீர் ஏறிய உயரத்தைக் கையால் தொட்டுக் காட்டிவிட்டு, அதே கையால் எனக்குப் பலகையை எடுத்துக் கொடுத்தார். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எனக்கும் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மகள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு: நம் ஊரில் சுற்றிலும் வேடிக்கை பார்ப்பவர் இல்லாமல் ஒரு பெண் கடலில் விழுந்து எழ முடிவதில்லை. ஆனால் யாரும் அறியாத ஊர் கூச்சத்தைத்தான் போக்கும், பயம் வேறு. பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கும் நீச்சல் குளம் ஒன்றில் மூன்று மாதம் கழியுங்கள். பிறகு ஒரு விடிகாலை, கூட்டமில்லாத நேரத்தில், மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு நம் கடலிலேயே முழங்காலளவு நீரில் நில்லுங்கள். அது நன்றாக இருந்தால் அடுத்த ஆண்டு பலகை. உடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்: உடலை ஒட்டிய முழுக்கைச் சட்டையும் கணுக்கால்வரை நீளும் காலுடையும்தான் சர்ஃபிங்குக்குச் சிறந்த உடை, வெயிலுக்கும் பலகை உரசலுக்கும் அது காப்பு. துப்பட்டா, தளர்ந்த நைட்டி போன்றவை மட்டும் நீரில் கூடவே கூடாது.

கேள்வி: என் பெரியம்மா குடும்பம் ரீயூனியன் தீவில் இருக்கிறது. கோடை விடுமுறைக்கு அழைக்கிறார்கள். அங்கே சர்ஃபிங் கற்கலாமா?
– கல்லூரி மாணவி, முத்தியால்பேட்டை

பதில்: பெரியம்மா வீட்டுக்குப் போய்வாருங்கள், சர்ஃபிங்கை மட்டும் மறந்துவிடுங்கள். புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறிப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் வாழும் அந்தத் தீவு ஒரு காலத்தில் உலகப் புகழ்பெற்ற அலைச்சறுக்கு இடமாகத்தான் இருந்தது. 2011 முதல் அடுத்தடுத்து நிகழ்ந்த சுறாத் தாக்குதல்களில் பலர் உயிரிழந்ததால், 2013இல் அங்குள்ள பிரெஞ்சு அரசு நிர்வாகம், பாரால் சூழப்பட்ட உள்நீர்ப் பகுதியையும் காவலுள்ள இடங்களையும் தவிர மற்ற இடங்களில் கடலில் குளிப்பதற்கும் சர்ஃபிங்குக்கும் தடை விதித்தது. காளைச் சுறாவும் புலிச் சுறாவும் அங்கே கரையோரம்வரை வருகின்றன. பெரியம்மாவையே கேளுங்கள், அவரே உங்களை விடமாட்டார்.

உறவினர் பிரான்ஸ் நாட்டில் இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். அட்லாண்டிக் கரையிலுள்ள பியாரிட்ஸ் நகரில்தான் 1957இல் பிரான்சின் சர்ஃபிங் தொடங்கியது; அங்கிருந்து வடக்கே ஓசகோர், லக்கனோ என்று மணற்கரை நீண்டுகொண்டே போகிறது. ஜூலை, ஆகஸ்டில் தொடக்கநிலையினருக்கு ஏற்ற அலை வரும். ஆனால் நீரின் வெப்பம் கோடையிலேயே 20, 22 பாகை செல்சியஸ்தான். நம் கடலில் வளர்ந்த உடலுக்கு அரை மணி நேரத்தில் பல் கிட்டிவிடும். ரப்பர் போன்ற குளிர்காப்பு உடையை அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நான் மீனவக் குடும்பம். அப்பா கட்டுமரத்தில் போனவர். சர்ஃபிங் நன்றாக வருகிறது. பாலியிலோ மாலத்தீவிலோ பயிற்றுநர் வேலை கிடைக்குமா? இது வெள்ளைக்காரர் விளையாட்டு என்று வீட்டில் கேலி செய்கிறார்கள்.
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: கேலிக்கு முதலில் பதில் சொல்கிறேன், தம்பி. அலையில் நின்று விளையாடுவதை ஒரு கலையாக வளர்த்தவர்கள் ஹவாய் தீவுகளின் பூர்வகுடிகள். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே போய் இறங்கிய ஐரோப்பியர் அதைக் கண்டு வியந்து குறிப்பெழுதினார்கள். அதை ஆஸ்திரேலியா வரை கொண்டுசென்று 1914–15இல் செய்து காட்டியவர் ஹவாயைச் சேர்ந்த டியூக் கஹானமோக்கு, ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்றவர். பெரு நாட்டின் உவாஞ்சாக்கோ கரையில் மீனவர்கள் இன்றும் கோரைப்புல்லால் கட்டிய மிதவையில் அலையேறிக் கரை சேர்கிறார்கள். உங்கள் அப்பா மீனோடு திரும்பும்போது பின்னால் எழும் அலையின் முதுகில் மரத்தை ஏற்றி, துடுப்பால் திசை பிடித்து, கவிழாமல் மணலில் கொண்டுவந்து நிறுத்தினாரே, அதில் முக்கால் பங்கு சர்ஃபிங் இருக்கிறது. ஆங்கிலத்தின் கேட்டமரான் என்ற சொல்லே நம் கட்டுமரம்தான். மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் இன்று முன்னணியில் இருக்கும் சர்ஃபிங் வீரர்களில் பலர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தபோது ஆடவர் பிரிவில் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்தார் ரமேஷ் புதிஹால். வீட்டாருக்கு இதையும் சொல்லுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, நன்றாகச் சர்ஃபிங் செய்பவர் வேறு, நன்றாகக் கற்றுக்கொடுப்பவர் வேறு. 1964இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு அலைச்சறுக்குச் சங்கம் நடத்தும் முதல்நிலைப் பயிற்றுநர் பயிற்சியை முடித்து, அதனுடன் உயிர்காப்பு, முதலுதவிச் சான்றும் வைத்திருந்தால் பல நாடுகளில் மதிப்புண்டு. இந்தியாவிலேயே அந்தப் பயிற்சி அவ்வப்போது நடைபெறுகிறது. இந்திய அலைச்சறுக்குக் கூட்டமைப்பிடம் விசாரியுங்கள். மிக முக்கியமான எச்சரிக்கை: சுற்றுலா விசாவில் போய் எந்த நாட்டிலும் கற்றுக்கொடுத்துச் சம்பாதிக்கக் கூடாது. "முதலில் வந்துவிடுங்கள், தாள்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அழைப்பவரை நம்பிப் போனால் பிடிபடுவதும் திருப்பியனுப்பப்படுவதும் நீங்கள்தான், அழைத்தவர் அல்லர். வேலை அனுமதி கையில் வந்த பிறகே பயணச்சீட்டு எடுங்கள். மாலத்தீவில் பெரும்பாலான அலைகள் பாரின்மேல் உடைபவை. படகில் கொண்டுபோய் இறக்குவார்கள். படகையும் நீவாட்டையும் (கடல் நீரோட்டத்தையும்) அறிந்த ஒருவருக்கு அங்கே மற்றவரைவிட மதிப்பு கூடுதலாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: கடலூர் சில்வர் பீச்சில் நானாகவே பழகலாமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: தனியாகக் கூடாது. கெடிலத்தின் முகத்துவாரம் பக்கத்தில் இருக்கிறது. ஆற்று நீர் கடலில் கலக்கும் இடத்தில் இழுப்பு நாளுக்கு நாள் இடம் மாறும்.

கேள்வி: சென்ற ஆண்டு வெளிநாட்டில் ஓர் அலையைப் பிடித்தபோது பக்கத்தில் வந்தவர் என்னைக் கண்டபடி திட்டிவிட்டார். கடல் எல்லாருக்கும் பொதுதானே?
– வாசகர், வில்லியனூர்

பதில்: கடல் பொது, அலை ஒருவருக்குத்தான். அலை முதலில் உடையத் தொடங்கும் இடத்துக்கு யார் மிக அருகில் இருக்கிறாரோ அந்த அலை அவருடையது. அவர் எழுந்து வந்துகொண்டிருக்கும் வழியில் இன்னொருவர் குறுக்கே ஏறினால் இரண்டு பலகைகளும் அவற்றின் அடியிலுள்ள கூரிய துடுப்புகளும் மோதும். திட்டியவருக்கு ஒரு முறையாவது அப்படி வெட்டுப்பட்டிருக்கக்கூடும்.

நம் ஊரில் பழகியவருக்கு இது தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. தந்திராயன்குப்பத்தில் அலை கரை நெடுகப் பல இடங்களில் உடைகிறது. பத்துப் பேர் இருந்தால் பத்து இடத்தில் பிரிந்துகொள்வார்கள். அறுகம்பேபோன்ற நிலமுனையில் அலை ஒரே இடத்தில் எழுகிறது. அங்கே நாற்பது பேர் வரிசையில் காத்திருப்பார்கள். முதல்நாள் நான் வரிசை என்ற ஒன்று இருப்பதே தெரியாமல், வந்த அலையில் எல்லாம் பாய்ந்தேன். மூன்றாவது முறை, பதினைந்து வயதுகூட இராத ஒரு பையன் பலகையைச் சட்டென வெட்டித் திருப்பி என்மேல் மோதாமல் தப்பித்துவிட்டு, "அண்ணே, அது என்ட அலை" என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன். அன்று மாலைவரை வரிசையின் கடைசியில் கிடந்து, மற்றவர்கள் விட்ட அலைகளை மட்டும் பிடித்தேன்.

இத்துடன் இன்னும் இரண்டு பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். உள்ளே செல்லும்போது அலை உடையும் இடத்தின் நடுவே போகாமல் சுற்றிச் செல்லுங்கள். பெரிய அலை வந்தால் பலகையைத் தூக்கி எறிந்துவிட்டு முங்காதீர்கள். பலகையின் நீளமும் கயிற்றின் நீளமும் சேர்ந்து ஐந்து மீட்டருக்குப் பின்னால் இருப்பவர் மண்டையைப் பதம் பார்த்துவிடும்.

கேள்வி: செரினிட்டியில் கற்பாறைக் குவியலுக்குப் பக்கத்தில் கடல் அமைதியாக இருக்கிறது. அதன் வழியாக உள்ளே போனால் எளிது என்கிறார்கள். சரியா?
– வாசகி, காலாப்பட்டு

பதில்: எளிதுதான், ஆகவேதான் ஆபத்து. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்ட பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் மறிக்கப்பட்டு, வடக்குக் கரை அரிக்கப்பட்டது. அதைத் தடுக்கப் போட்டவையே இந்தத் தூண்டில் வளைவுகள். அலையாகக் கரைக்கு வந்த நீர் எப்படியும் திரும்பியாக வேண்டும். கல்லை ஒட்டிய பள்ளம் அதற்கு வாய்க்காலாகிறது. நீரோட்டம் வெளியே ஓடும் இடத்தில் ஆழம் கூடுதல், அலை உடைவதில்லை. அதனால் அமைதியாகத் தெரிகிறது. பழகியவர்கள் அந்த வாய்க்காலில் பலகையைப் படுக்க வைத்து உழைப்பில்லாமல் உள்ளே போய்விடுவார்கள். அவர்களைப் பார்த்து நீச்சல் குறைந்தவர் இறங்கினால் திரும்ப வர முடியாது. அகப்பட்டுக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், பலகையை விடாமல், கல்லுக்கு எதிர்ப்பக்கமாகக் கரைக்கு இணையாக நகர்ந்து, நுரை தெரியும் இடத்துக்கு வந்து, அலையோடு கரையேறுங்கள். இதை இங்கே ஒரு முறை பயிற்றுநருடன் செய்து பார்த்தவர், எந்த நாட்டுக் கரையில் நின்றாலும் அந்த அமைதியான பட்டையைத்தான் முதலில் தேடுவார்.

கேள்வி: பயணக் காப்பீடு எடுத்தால் சர்ஃபிங் காயத்துக்குப் பணம் கிடைக்குமா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: விலக்குப் பட்டியலைப் படிக்காமல் எடுத்தால் பெரும்பாலும் கிடைக்காது. மலிவான பயணக் காப்பீடுகளில் சாகச விளையாட்டு என்ற தலைப்பின்கீழ் சர்ஃபிங்கை ஒதுக்கி வைத்திருப்பது உண்டு. கூடுதல் கட்டணம் செலுத்திச் சேர்க்க முடியுமா என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாடகை ஸ்கூட்டர் விபத்தையும் சேர்த்துக் கேளுங்கள்; பாலியில் நான் கண்ட காயக்கட்டுகளில் பாதிக்கு மேல் அலையால் வந்தவை அல்ல, சாலையால் வந்தவை.

பவளத்தில் உரசிய காயம் சிறிதாக இருந்தாலும் அன்றே தூய நீரால் அலசி, உள்ளே தங்கிய துகளைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். விட்டால் வெப்பமண்டல ஈரத்தில் ஒரே வாரத்தில் சீழ் வைத்துவிடும். புறப்படுமுன் டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டாகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சொந்தப் பலகை வாங்கிவிட்டேன். வெலிகமவுக்கு எடுத்துச் செல்லலாமா? நாகப்பட்டினம் கப்பலில் போனால் செலவு குறையுமா?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: கப்பல் காங்கேசன்துறையில் இறக்கிவிடும், வெலிகம தீவின் மறுகோடி. பலகையைத் தூக்கிக்கொண்டு பேருந்து மாறி மாறி ஒரு முழுநாள் போக வேண்டும். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. எட்டடிப் பலகைக்கு விமான நிறுவனம் தனிக் கட்டணம் கேட்கும், சில நிறுவனங்கள் அவ்வளவு நீளத்தை ஏற்பதே இல்லை. வெலிகமக் கரையில் வாடகைப் பலகைகள் சவுக்குக் கட்டைபோல் வரிசையாகக் குத்தி நிற்கின்றன. காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று என்று மாற்றிப் பார்க்கலாம். உங்கள் பலகையை வீட்டில் வெயில் படாத இடத்தில் படுக்க வைத்துவிட்டு, கால்கயிற்றை மட்டும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாடகைப் பலகையில் வரும் கயிறு எத்தனை பேர் காலில் இழுபட்டதோ, தெரியாது.